மந்திரம் எங்கிருந்து வருகிறது? – மாமல்லைக் கரையில் ஒரு தேடல்



இவ்வாண்டு தைத் திங்களின் தொடக்கத்தில் என் பழைய மாணவர் ஒருவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. எங்கள் கல்லூரியில் கணினி அறிவியல் பயின்றவர். பொதுத்தமிழுக்கு மட்டும் என் வகுப்பில் அமர்ந்தவர். இப்போது நண்பர்கள் மூவருடன் சேர்ந்து சென்னையில் கணினி விளையாட்டு ஒன்றை உருவாக்கிக்கொண்டிருக்கிறார். செங்கல்பட்டுக் கொளவாய் ஏரி முதல் மாமல்லபுரத்துக் கடல் வரை விரியும் ஒரு கற்பனை நாடு. அதில் அரசர்கள், சிற்பிகள், வணிகர்கள், கடலோடிகள். "ஐயா, எல்லாம் இருக்கிறது. மந்திரம் மட்டும் சரியாக அமையவில்லை. அந்த ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்று எங்களுக்கே தெரியவில்லை. நம் இலக்கியத்தில் ஏதேனும் வழி உண்டா?" என்று கேட்டிருந்தார்.

உடன் அனுப்பியிருந்த வரைவைப் படித்துக்கொண்டே வந்தவன் பதினான்காம் பக்கத்தில் நின்றுவிட்டேன். விளையாட்டின் பகைவன் காட்டில் வாழும் ஒரு பழங்குடி மந்திரவாதி. பாம்புகளை ஏவிக் கொல்பவன். பெயர் 'இருளன்'. 'ஆற்றலின் மூலம்' என்ற கட்டத்தில் 'பிறப்பிலேயே உண்டு' என்று எழுதியிருந்தது.

அவர் தீய எண்ணத்துடன் எழுதவில்லை என்பதை நான் அறிவேன். ஆயினும் அந்தக் கட்டம் என்னை உறுத்தியது. பதில் எழுதுவதற்கு முன், மந்திர ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்ற வினாவுக்கு இந்த ஒரு கடற்கரையிலும் அதைச் சூழ்ந்த தொண்டை நாட்டிலும் நம் முன்னோர் என்னென்ன விடைகள் வைத்திருந்தார்கள் என்று தொகுத்துப் பார்க்கலானேன். அந்தத் தொகுப்பே இக்கட்டுரை.

பிறநாட்டார் கணக்கு

முதலில் அந்தத் துறையினர் வழங்கும் சொல் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. 'மனா' என்பது அச்சொல். பசிபிக் தீவு மக்களின் சொல் அது. மனிதரிடமும் பொருளிடமும் இடத்திடமும் தங்கி, காரியங்களைக் கைகூடச் செய்யும் ஓர் ஆற்றலை அது குறிக்கும். காட்ரிங்டன் என்ற பாதிரியார் 1891இல் மெலனீசிய மக்களைப் பற்றி எழுதிய நூலின் வழியாக அச்சொல் ஐரோப்பிய அறிஞர்களிடையே பரவியது. அமெரிக்க எழுத்தாளர் லாரி நிவன் 1969இல் எழுதிய ஒரு சிறுகதையில் அதற்குப் புதிய விதி ஒன்றைச் சேர்த்தார். மனா என்பது கிணற்று நீர் போன்றது. இறைக்க இறைக்கக் குறையும். ஓரிடத்தில் தீர்ந்துவிட்டால் அங்கே எந்த மந்திரமும் பலிக்காது. இன்றைய கணினி விளையாட்டுகள் பலவற்றில் திரையின் ஓரத்தில் நீல நிறக் கோடாக ஏறி இறங்குவது இந்த மனாதான்.

அதைவிட வியப்பளித்தது வேறொன்று. ரிச்சர்டு கார்ஃபீல்டு என்ற கணிதப் பேராசிரியர் 1993இல் வெளியிட்ட 'மேஜிக்: தி கேதரிங்' என்ற சீட்டு விளையாட்டில் மந்திர ஆற்றல் நிலத்திலிருந்து பிறக்கிறது. நிலம் ஐந்து வகை: சமவெளி, தீவு, சதுப்பு, மலை, காடு. ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு நிறம். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு குணம்.

ஐந்து நிலம் என்றதும் தமிழ் படித்தவர்களுக்கு என்ன தோன்றும் என்று சொல்லவும் வேண்டுமோ!

நிலம்

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. அவற்றிலிருந்து கிளைக்கும் கருப்பொருள்களைச் சொல்லும்போது தெய்வத்தை முதலில் வைத்து, பின்னர் உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் என்று அடுக்குகிறது. காட்டுக்கு மாயோன், மலைக்குச் சேயோன், வயலுக்கு வேந்தன், கடற்கரைக்கு வருணன். பாலைக்கு அது தெய்வம் கூறவில்லை. கொற்றவையைப் பாலைத் தெய்வமாகப் பின்வந்தோர் வைத்தார்கள். கருப்பொருள் வரிசையில் தெய்வம் நிற்பதைக் கவனிக்க வேண்டும். அந்த நிலத்து மரத்தையும் மீனையும் போலவே அந்நிலத்துத் தெய்வமும் அங்கே உரியது என்பது அதன் குறிப்பு.

சங்கப் பாடல்களில் இவ்வாற்றலுக்குப் பெயர் அணங்கு. மலைச்சாரல், சுனை, கடல்துறை, பழமரம் ஆகியவற்றில் உறைவது, தீண்டினால் வருத்துவது. அணங்கு பெண்ணிடம் உறையும் புனித ஆற்றல் என்று ஜார்ஜ் ஹார்ட் விளக்கினார். அச்சொல்லை அப்படிச் சுருக்குவது பொருந்தாது என்று வி.எஸ். ராஜம் மறுத்தார். அந்த விவாதத்துக்குள் இங்கே புக வேண்டியதில்லை. இடத்தோடு ஒட்டிய ஆற்றல், அஞ்சி ஒழுக வேண்டிய ஆற்றல் என்ற அளவே நமக்குப் போதும். நெய்தல் நிலத்தில் இதற்குத் தெளிவான சான்று பட்டினப்பாலையில் உண்டு. காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் முழுநிலா நாளில் கடலுக்குச் செல்லாமல், சுறாமீனின் கொம்பை மணலில் நட்டு வழிபட்டதை அந்நூல் காட்டுகிறது. தம்மைக் கொல்லவல்ல உயிரின் உறுப்பே அவர்களுக்குத் தெய்வம் உறையும் பொருளாயிற்று.

மாமல்லையின் வடக்கே சில கல் தொலைவில் சாளுவன்குப்பம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை அங்கே மணலை அரித்துச் சென்றபோது, பாறையொன்றில் கல்வெட்டு வெளிப்பட்டது. அது முருகன் கோயில் ஒன்றைப் பற்றிப் பேசியது. அதைத் துணைக்கொண்டு இந்தியத் தொல்லியல் துறையினர் தி. சத்தியமூர்த்தி தலைமையில் அடுத்த ஆண்டு அகழ்ந்தபோது, பல்லவர் காலக் கருங்கல் கோயிலின் அடித்தளமும் அதன் கீழே பழைய செங்கற் கட்டடமும் கிடைத்தன. கல்லில் செய்த வேல் ஒன்றும், மகளிர் கைகோத்துக் குரவை ஆடும் சுடுமண் தகடு ஒன்றும் அங்கே கண்டெடுக்கப்பட்டன. செங்கற் கோயில் சங்க காலத்தது என்பதும், கடல் பொங்கியே அது அழிந்தது என்பதும் அகழ்ந்தவர்களின் கருத்து. கடல் கொண்டதைக் கடலே திருப்பித் தந்திருக்கிறது.

சேயோன் மலைக்கு உரியவன் என்பது இலக்கணம். கடற்கரையில் அவன் வேல் எப்படி நின்றது? இலக்கணம் வகுத்த எல்லைக் கோடுகளை மக்கள் கடந்துகொண்டே இருந்தார்கள் என்பதுதான் விடை. வேலேந்தி வெறியாடிய வேலனைச் சங்கப் பாடல்கள் பல காட்டுகின்றன. காதலால் மெலிந்த பெண்ணை முருகன் அணங்கினான் என்று தாய் எண்ணுவாள். வேலன் கழங்கு உருட்டிக் குறி சொல்வான். மெலிவின் உண்மையான காரணம் தெரிந்த தோழியோ அவனைப் பார்த்து நகைப்பாள். ஆற்றலை நம்பிய அதே சமூகம் ஆற்றல் உண்டென்று சொல்லிக்கொள்பவனை ஐயுறவும் தெரிந்திருந்தது. இந்த நகைப்பை மறந்துவிட வேண்டாம். சற்று நேரத்தில் ஒரு பூனையின் வடிவில் மீண்டும் வரும்.

நிலத்தின் ஆற்றல் வற்றவும் கூடும். திருக்கழுக்குன்றத்து மலைக்கு நாள்தோறும் உச்சிப்பொழுதில் இரண்டு கழுகுகள் வந்து அர்ச்சகர் கையால் உணவு பெற்றுச் சென்றதைப் பள்ளிச் சிறுவனாக நான் பார்த்திருக்கிறேன். சாபம் பெற்ற முனிவர்கள் அவை என்று என் பாட்டி சொல்வார். மஞ்சள்முகப் பாறு என்ற அந்தப் பறவையினம் இன்று உலக அளவிலேயே அருகிவரும் உயிர்களின் பட்டியலில் இருக்கிறது. குன்றுக்கு இப்போது அவை வருவதில்லை. ஊரின் பெயரில் மட்டும் கழுகு இருக்கிறது. லாரி நிவனின் கதையைப் படித்தபோது எனக்கு அந்தப் பாறைதான் நினைவுக்கு வந்தது.

கடன்

இனி மாமல்லைக்குள் செல்வோம். ஐந்து ரதங்களில் சிறியது திரௌபதி ரதம். கூரை வேய்ந்த குடிசை போன்ற வடிவம். பெயருக்கும் திரௌபதிக்கும் தொடர்பில்லை. உள்ளே தாமரைமேல் நிற்பவள் கொற்றவை. அவள் காலடியில் இருவர் மண்டியிட்டிருக்கிறார்கள். அவர்களுள் ஒருவன் இடக்கையால் தன் தலைமயிரைப் பற்றிக்கொண்டு, மற்றொரு கையில் உள்ள வாளைத் தன் கழுத்தில் வைத்திருக்கிறான். தன் தலையைத் தானே அரிந்து படைக்கும் காட்சி அது. வராக மண்டபத்திலும் ஆதிவராகக் குகையிலும் இதே காட்சி உண்டு. அவசரமாகச் சுற்றிப் பார்ப்பவர்கள் வெளியே நிற்கும் கல்யானையோடு படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்த வாளைக் காண்பவர்கள் சிலரே.

சிலப்பதிகாரத்து வேட்டுவவரி இக்காட்சிக்குப் பின்னுள்ள கணக்கைச் சொல்கிறது. பாலை நிலத்து எயினர் ஊரில் சாலினி என்பவள் தெய்வமேறி ஆடுகிறாள். ஊர் மன்றம் பாழ்பட்டது, பகைவர் தொழுவங்கள் ஆநிரையால் நிறைந்தன, நீங்களோ வீரம் ஒடுங்கிக் கிடக்கிறீர்கள் என்று இடித்துரைக்கிறாள். கொற்றவைக்குச் செலுத்த வேண்டிய கடனைச் செலுத்தாவிட்டால் உங்கள் வில் வெற்றி தராது என்பது அவள் வாக்கு. இங்கே ஆற்றல் என்பது கடன். வெற்றி முன்னே வரலாம். விலையைப் பின்னே கொடுத்தே தீர வேண்டும். குருதியே அந்த நாணயம்.

வேட்டுவர்களின் இத்தெய்வத்தைப் பல்லவ வேந்தர்கள் கல்லில் குடியேற்றினார்கள். அவள் ஊர்தியான கலைமானும் அவளோடு வந்தது. மறவர் மன்றத்தில் சாலினியின் வாயால் பேசியவள் அரசனின் கோயிலில் மௌனமாக நிற்கிறாள். அவளிடம் நேரே கேட்க முடிந்த மக்கள் அந்தச் சிற்பங்களில் இல்லை. ஆற்றலின் ஊற்று ஒருவரிடமிருந்து மற்றவர் கைக்கு மாறும்போது முதலில் உடையவர்கள் என்ன ஆனார்கள் என்று வரலாறு எழுதுபவன் கேட்டாக வேண்டும். உலகம் ஒன்றைப் படைப்பவனும் கேட்கத்தான் வேண்டும்.

தவம்

ஊரின் நடுவே, ஏறத்தாழ தொண்ணூறு அடி நீளத்துக்கு விரிந்து கிடக்கும் பெரும்பாறைச் சிற்பத்தை அருச்சுனன் தபசு என்றும் பகீரதன் தவம் என்றும் இருவகையாகச் சொல்வார்கள். ஒற்றைக் காலில் நின்று இரு கைகளையும் தலைக்குமேல் உயர்த்தியிருக்கும் தவசியின் விலா எலும்புகளை எண்ணலாம். அருகே நான்கு கரங்களுடன் சிவபெருமான் வரமருளும் கையோடு நிற்கிறார். பூதகணங்களுள் ஒன்றுக்கு வயிற்றில் ஒரு முகம். அதைப் பாசுபதப் படையின் உருவம் என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள்.

தவம் என்பது சேமிப்பு. உடலை வருத்திச் சேர்ப்பது. சினத்தாலும் ஆசையாலும் செலவழிந்துவிடுவது. விசுவாமித்திரர் திரிசங்குவுக்காகச் செலவழித்தார், மேனகையிடம் இழந்தார், மீண்டும் முதலிலிருந்து சேர்த்தார். என் மாணவரின் திரையோரத்து நீலக்கோடு இதற்கு மிக நெருங்கி வருகிறது. ஆனால் நம் கதைகள் சேமிப்போடு நிற்கவில்லை. கிடைத்த படைக்கு நிபந்தனையும் வைத்தன. தகுந்த காரணமின்றி ஏவாதே, வலிமை குறைந்தவன்மேல் ஏவினால் உலகமே எரியும் என்று சொல்லித்தான் பாசுபதம் அருச்சுனனிடம் தரப்பட்டது என்கிறது வியாச பாரதத்து வனபருவம். பின்னொரு நாள், பெற்ற படைகளைத் தமையன் தருமனுக்குக் காட்ட அருச்சுனன் விரும்பினான். எடுத்தபோதே நிலம் நடுங்கியது. நாரதர் விரைந்து வந்து, வேடிக்கைக்காக எடுக்கலாகாது என்று தடுத்தார். ஆற்றல் மிகுந்தவன் அதைச் செய்துகாட்டவும் கூடாது என்ற இந்த விதியை எந்த விளையாட்டில் காண முடியும்?

பாறையின் கீழ்ப்பகுதியில், பெரிய யானையின் கால்களுக்கு அருகே, ஒரு பூனையும் ஒற்றைக் காலில் கையுயர்த்தி நிற்கிறது. சுற்றிலும் எலிகள். பாரதத்து உத்தியோக பருவத்தில் துரியோதனன் சொல்லியனுப்பும் கதை அது. கங்கைக் கரையில் தவக்கோலம் பூண்ட பூனையை நம்பி எலிகள் அடைக்கலம் புகுகின்றன, நாளுக்கு நாள் எலிகளின் எண்ணிக்கை குறைகிறது, பூனை பருக்கிறது. மேலே மெய்த்தவம், கீழே பொய்த்தவம். இரண்டுக்கும் ஒரே நிலை, ஒரே கைகள். ஒரே பாறையில் இரண்டையும் செதுக்கிய சிற்பி, தோழி வேலனைப் பார்த்து நகைத்த அதே மரபைச் சேர்ந்தவன்.

கலம்

தொண்டை நாட்டின் தலைநகரான காஞ்சியோடு சேர்ந்த மற்றொரு மந்திரம் மணிமேகலையின் அமுதசுரபி. எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம் என்ற அளவில் எல்லோருக்கும் தெரியும். அதன் விதிகளைப் பலரும் கவனிப்பதில்லை.

அதை முதலில் பெற்றவன் ஆபுத்திரன். பிச்சையெடுத்துப் பிறருக்கு ஊட்டி, மிஞ்சியதை உண்டு வாழ்ந்தவன். மதுரையில் ஒரு நள்ளிரவில் பசித்தவர்கள் வந்து நிற்க, கொடுக்க ஒன்றுமின்றி அவன் தவித்தபோது, சிந்தாதேவி அந்தப் பாத்திரத்தை அளித்தாள். அவன் புகழ் இந்திரனின் இருக்கையை அசைத்தது. வரம் தருகிறேன் என்று வந்த இந்திரனை ஆபுத்திரன் ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. சினந்த இந்திரன் என்ன செய்தான் தெரியுமா? நாடெங்கும் மழை பொழிவித்தான். பஞ்சம் நீங்கியது, பசித்தவர் இல்லை, பாத்திரத்துக்கு வேலை இல்லை! ஓர் ஆற்றலை அழிக்க இதைவிட நுட்பமான சூழ்ச்சியை நான் படித்ததில்லை. பசித்தவரைத் தேடிச் சாவக நாட்டுக்குக் கப்பலேறியவன் மணிபல்லவத் தீவில் இறங்கினான். கப்பல் அவனை விட்டுவிட்டுப் போய்விட்டது. தான் ஒருவனே உண்பதற்கு அந்தக் கலத்தை வைத்திருக்க அவன் மனம் ஒப்பவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை வெளிப்படுக என்று கோமுகிப் பொய்கையில் அதை விடுத்து, உண்ணாமல் உயிர்விட்டான்.

மணிமேகலையின் கைக்கு அது வந்த பிறகும் வெறும் கலமாகவே இருந்தது. கற்பிற் சிறந்த ஆதிரை இட்ட முதல் பிச்சைக்குப் பிறகே அது சுரக்கத் தொடங்கியது. பின்னர் மழை பொய்த்துக் காஞ்சி நகரம் வாடியபோது மணிமேகலை அங்கே சென்று கலத்தை வைத்துப் பசி தீர்த்தாள். முதலில் பிறரிடம் பெற வேண்டும். பெற்றதைப் பிறருக்கே கொடுக்க வேண்டும். தேவை இருக்கும் இடத்துக்குத் தானே நடந்து செல்ல வேண்டும். மூன்றே விதிகள். சாத்தனார் இன்று இருந்தால் விளையாட்டு நிறுவனங்கள் அவரைத் தேடி வரும்.

சொல்

கல்வெட்டுகளிலும் ஒரு மந்திரம் உண்டு. அது சாபம். மாமல்லையில் கணேச ரதம், தருமராச மண்டபம் முதலிய இடங்களில், சிவன் குடிகொள்ளாத நெஞ்சினரைத் திரும்பத் திரும்ப இகழ்ந்து சபிக்கும் வடமொழிச் சுலோகம் வெட்டப்பட்டிருக்கிறது. நிலக்கொடைக் கல்வெட்டுகளின் இறுதியிலும், இந்த அறத்தைக் காப்பவர் திருவடி என் தலைமேல் என்றும், அழிப்பவர் கங்கைக் கரையில் பசுவைக் கொன்ற பாவத்தில் போவார் என்றும் எழுதும் வழக்கம் இருந்தது.

இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது எளிது. அரசனின் படை அவன் வாழ்நாள் வரை காக்கும்; அவனுக்குப் பின் யார் காப்பது? திருக்கழுக்குன்றத்துக் கோயிலுக்குக் கந்தசிஷ்யன் என்ற மன்னன் விட்ட நிலத்தை, வாதாபி கொண்ட நரசிம்மவர்மன் அவ்வாறே நிலைநிறுத்தினான். நெடுங்காலம் கழிந்து, பல்லவர் ஆட்சியை வீழ்த்திய ஆதித்த சோழனும் அதைப் புதுப்பித்துத் தந்தான் என்று அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. குலம் மாறியும் கொடை மாறவில்லை. கேட்பவர் மனத்தில் ஓர் அச்சமும் நாணமும் இருக்கும்வரைதான் சொல்லுக்கு ஆற்றல். அந்த ஊற்று மக்களின் நம்பிக்கைக்குள் இருக்கிறது.

இருளர்

இவற்றையெல்லாம் குறித்து முடித்தபோது மாசி பிறந்துவிட்டது. "மாசிமகத்தன்று மாமல்லைக்கு வா. பதினான்காம் பக்கத்தைப் பற்றி அங்கே பேசுவோம்" என்று மாணவருக்கு எழுதினேன். வந்தார்.

மாசிப் பௌர்ணமியில் வடதமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்து இருளர் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் அலைவாய்க் கோயிலை ஒட்டிய மணலில் வந்து தங்குவது நெடுநாள் வழக்கம். புடவைகளையும் துணிகளையும் கம்புகளில் கட்டிச் சிறு கூடாரங்கள். அவர்களின் தெய்வமாகிய கன்னியம்மன் கடலில் இருக்கிறாள். இந்த நாளில் கரைக்கு வருகிறாள் என்பது நம்பிக்கை. விடியலில் ஈர மணலில் படிகள் அமைத்து, பூவும் பழமும் வைத்து, கடலை நோக்கி வழிபடுகிறார்கள். பெண்கள் சிலர் அருள் வந்து ஆடுகிறார்கள். சுற்றத்தார் அவர்களிடம் வாக்குக் கேட்கிறார்கள். அங்கேயே குழந்தைகளுக்கு மொட்டையடித்துக் காது குத்துகிறார்கள், திருமணங்களும் நடக்கின்றன. கல் இல்லை, கோபுரம் இல்லை. அலை வந்து படிகளைக் கரைத்தவுடன் கோயிலும் கரைந்துவிடுகிறது.

வேட்டுவவரியில் பேசிய சாலினியையும், முழுநிலா நாளில் மணலில் கொம்பை நட்ட பரதவரையும் அங்கே நான் நினைத்துக்கொண்டேன். அவர்கள்தாம் இவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை, அதற்குச் சான்றில்லை. ஆனால் தெய்வத்தோடு இடையீடின்றிப் பேசும் அந்த முறை, கற்கோயில்களின் நிழலிலேயே, கல்லுக்குள் புகாமல் உயிரோடு இருக்கிறது.

மாணவர் மெல்லக் கேட்டார்: "ஐயா, இவர்களுக்குப் பாம்பு மந்திரம் தெரியும் என்கிறார்களே?"

அதற்கு விடை வடநெம்மேலியில் இருக்கிறது என்றேன். மறுநாள் காலை கிழக்குக் கடற்கரைச் சாலையில் அங்கே சென்றோம். முதலைப் பண்ணை வளாகத்துக்குள் இருப்பது இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம். பாம்புத் தோல் வணிகத்துக்காகப் பாம்பு பிடித்துப் பிழைத்த குடும்பங்கள், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வாழ்வழி இழந்தன. அவர்களோடு சேர்ந்து உழைத்த ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் 1978இல் இச்சங்கம் பிறந்தது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, மண்பானைகளில் வைத்து, நஞ்செடுத்துத் தருகிறார்கள். அந்த நஞ்சைச் சிறிதளவாகக் குதிரைகளுக்குச் செலுத்தி, அவற்றின் குருதியிலிருந்து நச்சுமுறி மருந்து செய்யப்படுகிறது. நாட்டின் ஏதோ ஒரு மூலையில் வயலில் பாம்பு கடித்த உழவர் பிழைத்தால், அதற்குப் பின்னால் இந்தக் கடற்கரையின் பானை ஒன்று இருக்கக்கூடும்.

இங்கும் விதிகள் உண்டு. எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதை வனத்துறையின் அனுமதி வரையறுக்கிறது. ஒரு பாம்பிடம் சில வாரங்களில் சில முறை மட்டுமே நஞ்செடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். ஊற்றை வற்றவிடாமல் இறைப்பது என்பது இதுதான்.

செங்கல்பட்டு மாவட்டம் சென்னேரியைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இருவரும் 2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். அங்குள்ள சதுப்பு நிலங்களில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைக் கண்டுபிடிக்க உள்ளூர் அறிவியலாளர்கள் திணறிய வேளை அது. இவர்கள் சில வாரங்களிலேயே பத்துக்கும் மேற்பட்ட மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். கண்டத்துக்கு அப்பாலும் அந்த மந்திரம் பலித்தது என்றால், அது நிலத்தின் அணங்கும் அல்ல, பிறப்பின் வரமும் அல்ல. மணலில் தடம் பார்த்து, எச்சம் பார்த்து, உரித்த சட்டை பார்த்து, தாயிடமும் தந்தையிடமும் நடந்து நடந்து கற்ற கல்வி அது. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

ஆனாலும் இருளர்களுள் பெரும்பாலோர் இன்றும் நலிந்த வாழ்வே வாழ்கிறார்கள். அரிசி ஆலைகளிலும் மரம் வெட்டும் இடங்களிலும் கொத்தடிமைகளாகச் சிக்கி மீட்கப்பட்டவர்களில் அவர்களே மிகுதி. ஒருவரின் கல்வியை மந்திரம் என்று அழைத்துவிட்டால் அதற்குக் கூலி கொடுக்க வேண்டியதில்லை. பள்ளியில் இடம் தர வேண்டியதில்லை. அச்சப்பட்டு விலகி நின்றால் போதும். 'பிறப்பிலேயே உண்டு' என்ற அந்தக் கட்டம் ஏன் என்னை உறுத்தியது என்பதை வடநெம்மேலியில் பானைகளைப் பார்த்துக்கொண்டு நின்றபோது மாணவருக்கு இவ்வளவில்தான் சொன்னேன். அவர் மறுமொழி கூறவில்லை.

இரண்டு வாரம் கழித்துத் திருத்திய வரைவு வந்தது. 'ஆற்றலின் மூலம்' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் மூன்று புதிய கட்டங்கள் இருந்தன: 'விலை என்ன?', 'எப்போது பலிக்காது?', 'முன்பு யாருடையது?' நிலம், கடன், தவம், கலம், சொல் என்று ஐந்தும் அவற்றில் நிரப்பப்பட்டிருந்தன. கொற்றவையின் பகுதியில் கலைமானும் வந்திருந்தது. பூனைக்கும் இடம் கிடைத்திருந்தது.

பதினான்காம் பக்கம் மட்டும் வெறுமையாக இருந்தது. அடியில் ஒரு குறிப்பு: "ஐயா, இருளன் என்ற பெயரை எடுத்துவிட்டோம். தடம் பார்க்கத் தெரிந்த ஒரு மூதாட்டியை இங்கே வைக்க விரும்புகிறோம். அவரை எப்படி எழுதுவது என்று சென்னேரிக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்து நிரப்புகிறோம்."

நண்பர்களே, அடுத்த மாசிமகத்துக்கு மாமல்லைக்கு வருபவர்கள் பெரும்பாறையின் முன் சற்று நேரம் நின்று அந்தப் பூனையைப் பாருங்கள். பிறகு விடியலில் கடற்கரைக்குச் செல்லுங்கள். படம் எடுப்பதற்கு முன் அங்கிருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள்.